திருகோணமலைக் காட்டுப் பாதைகளில் வான் ஓட்டுபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையிலிருந்து எந்தப் பக்கம் வெளிக்கிட்டாலும் கொஞ்ச நேரத்தில் காடு வந்துவிடும். வடக்கே குச்சவெளி, திரியாய், தென்னமரவடி, மேற்கே மொரவெவ, கந்தளாய், தெற்கே மூதூர் தாண்டி வெருகல் என்று எங்கே போனாலும் தார் ரோட்டை விட்டு இறங்கும் மண் பாதைகள் ஏராளம். வயல் வேலைக்கு ஆள் ஏற்றுபவர்கள், காட்டுக் கோயில்களுக்கு ஹையர் ஓடுபவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து அப்பப்பாவின் காணியைத் தேடிப் போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். எல்லாம் சாதாரண வானுக்கான பதில்கள். நாலு வீலும் இழுக்கும் ஜீப் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

மர லொறிப் பாதை எண்டு சொல்றீங்களே அண்ணா, அது எது? மேப்புல அப்பிடி ஒண்டும் இல்லையே?

இலங்கையில் இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவது 1990இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் முதிரை, பாலை, கருங்காலி இழுத்த லொறிகள் போட்ட தடங்கள் பல இடங்களில் இன்னும் கிடக்கின்றன. சிலவற்றில் மாட்டுக்காரரும் லேண்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு டிராக்டர்) போய் வருவதால் பாதை மூடாமல் இருக்கிறது. மற்ற வகை, அரச தேக்கந் தோட்டங்களுக்குள் போகும் பாதை. அங்கே வெட்டு நடக்கும் காலத்தில் மட்டும் லொறி ஓடும். வெட்டு முடிந்தால் அடுத்த முறை வரைக்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டையும் ரோட்டு என்று நினைத்துப் போகக் கூடாது. கிரவல் கொட்டி, மதகு வைத்து, தண்ணீர் வழிய வாய்க்கால் வெட்டிப் போட்டது ரோட்டு. இது டோசரால் பற்றையைத் தள்ளி, லொறி ஓடி ஓடி உண்டான தடம். போன மாதம் நன்றாக இருந்தது என்பதால் இந்த மாதமும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

என்ட சாதாரண டொல்பின் வான். போகலாமா?

காய்ந்த காலத்தில், ஆள் இறங்கிப் பார்த்த பாதையில், போகலாம். பழைய டொல்பின், கெரவன், டவுன் ஏஸ் எல்லாம் பின் வீல் இழுக்கும் வண்டிகள். எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருப்பதால் முன்பக்கம் பாரம், வெறும் வானாக ஓடினால் பின்பக்கம் இலேசு. மண்ணில் பின் வீல் சும்மா சுழல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆட்கள் இருந்தால் பின் சீற்றுகளில் இருக்கச் சொல்லுங்கள். வெறும் வான் என்றால் இரண்டு மூன்று மூட்டை மணலைப் பின் வீலுக்கு மேலே போடுங்கள்.

புதுசாக வந்த வான்களில் பம்பருக்குக் கீழே அழகுக்குப் பூட்டும் பிளாஸ்டிக் கரை இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முதல் பள்ளத்திலேயே அது உடைந்துவிடும், உடைந்த துண்டு டயரையும் கிழிக்கும்.

எந்த மாசம் நல்லம்?

ஜூன் முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபரில் மழை தொடங்கி, வாடைக் காற்றோடு ஜனவரி வரைக்கும் பெய்யும். எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் பெரும் பங்கு இந்தக் காலத்தில்தான். அந்த நேரம் வானோடு காட்டுக்குள் இறங்காதீர்கள்.

நிறையப் பேர் ஏமாறுவது பெப்ரவரி, மார்ச்சில். நாலு நாள் நல்ல வெயில், ரோட்டெல்லாம் காய்ந்துவிட்டது என்று இறங்குவார்கள். நம்முடைய செம்மண் காய்ந்தால் கல்லு மாதிரி, நனைந்தால் பசை. வெயில் படும் இடத்தில் மேல்தோல் காய்ந்திருக்கும், அடியில் ஈரம் நிற்கும். மர நிழலில் அந்த மேல்தோல்கூடக் காயாது. குதிக்காலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். குதி இறங்கி ஓரத்தில் ஈரம் கசிந்தால் வான் தாளும்.

வெளிக்கிட முதல் என்ன பார்க்கோணும்?

எல்லாரும் ஒயில், தண்ணீர் பார்ப்பார்கள். நான் முதலில் சொல்வது ஸ்பெயார் டயரைப் பற்றி. பல வான்களில் அது பின்பக்கம் அடியில் சங்கிலியில் தொங்கும், கம்பியை விட்டுச் சுற்றி இறக்க வேண்டும். காட்டுக்குள் பின் டயர் காற்றுப் போனால் வான் அந்தப் பக்கம் தாழும். தாழ்ந்த பிறகு டயரை இறக்கினாலும் வெளியே இழுக்க இடம் இருக்காது. சங்கிலி துருப்பிடித்திருந்தால் இறங்கவே இறங்காது. அதனால் வீட்டிலேயே அதை இறக்கி, காற்றுப் பார்த்து, வானுக்குள் போட்டுக்கொண்டு போங்கள்.

அப்புறம் ஜக். மெத்தை மண்ணில் ஜக் வானைத் தூக்காது, தான்தான் மண்ணுக்குள் போகும். ஒரு சாண் அகலத்தில் தடித்த பலகைத் துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும். மண்வெட்டி, நல்ல கயிறு, கையால் அடிக்கும் காற்றுப் பம்ப், ஆளுக்கு ஐந்து லீற்றர் குடிதண்ணீர், ஒரு டோர்ச். மரம் அரியும் மெஷினை மட்டும் கொண்டு போகாதீர்கள். பாதையில் விழுந்த கொப்பை வெட்டத்தான் கொண்டு வந்தேன் என்று வன அதிகாரியிடம் விளங்கப்படுத்துவது பெரிய பாடு.

டயர்ல காத்து எவ்வளவு விடோணும்?

கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள். அது 40 என்றால் கிரவலுக்கும் வேர் குறுக்கிடும் பாதைக்கும் 30 வரை இறக்கலாம். கடற்கரைப் பக்கத்து மணலில் 25. அதற்குக் கீழே போனால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். காற்று இறக்கியபின் வேகம் ஓடக் கூடாது. தார் ரோட்டில் ஏற முதல் திரும்ப அடித்தே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு ஹபரணை ரோட்டில் விரட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். பம்ப் இல்லாவிட்டால் காற்றை இறக்கவே வேண்டாம்.

லொறி போன தடத்துலயே நம்மட வானும் போகலாம்தானே?

போகக் கூடாது. லொறியின் வீல் பெரிது, அடிவயிறும் உயரம். அதன் தடத்துக்குள் நீங்கள் இறங்கினால் நடுவில் நிற்கும் மண்மேடு உங்கள் கியர்பெட்டியையும் சைலென்சரையும் உரசும். கொஞ்சத் தூரத்தில் வான் வயிற்றில் குந்திவிடும், நாலு வீலும் ஆகாயத்தில்.

ஒரு பக்க வீலை நடு மேட்டிலும் மற்றப் பக்க வீலைப் பாதை ஓரத்திலும் வைத்துத் தடத்தைக் கவட்டுக்குள் விட்டு ஓட்டுங்கள். வான் கொஞ்சம் சரிந்தமாதிரி இருக்கும், பழகிவிடும். தேக்கந் தோட்டத்தில் மட்டும் ஓரத்து வீலைக் கவனியுங்கள். வெயில் காலத்தில் தேக்கு இலை உதிர்ந்து தரையை மூடிவிடும். ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டளவு. அதற்கு அடியில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை நிற்கும், அது குத்துவது டயரின் பக்கவாட்டில். பக்கவாட்டில் கிழிந்த டயரை ஒட்ட முடியாது. ஒருவரை இறக்கி முன்னால் இலையைத் தட்டிக்கொண்டு நடக்க விடுங்கள்.

சேத்தைக் கண்டால் அடிச்சு விடுறதா, மெதுவாப் போறதா?

முதலில் இறங்கி நடந்து பாருங்கள். போகலாம் என்று தெரிந்தால் இரண்டாம் கியரில், ஒரே வேகத்தில், நடுவில் கியர் மாற்றாமல், பிரேக் தொடாமல் போங்கள். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடம் வலம் ஆட்டினால் முன் டயரின் ஓரம் பிடி தேடும். வேகமாக அடித்து விடுகிறவர்கள் சேற்றைக் கடப்பார்கள், அதன் மறுபக்கத்தில் இருக்கும் வேரைக் கடக்க மாட்டார்கள்.

புதைஞ்சிட்டுது. இப்ப என்ன செய்ற?

அக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். வீல் ஒரு சுற்றுச் சும்மா சுற்றினாலே அது தனக்குக் குழி தோண்டுகிறது. எஞ்சினை நிறுத்தி எல்லாரையும் இறக்குங்கள்.

பின் வீல் இரண்டுக்கும் முன்னால் மண்வெட்டியால் சரிவாக வெட்டுங்கள். நேராகக் குழி வெட்டினால் வீல் ஏறாது. வயிறு தட்டுகிறதா என்று குனிந்து பார்த்து, தட்டும் இடத்து மண்ணையும் எடுங்கள். எல்லாரும் மறப்பது இதைத்தான். ஜக்கைப் பலகைமேல் வைத்து வீலைத் தூக்கி, அடியில் காய்ந்த கொப்பு, கல், கால்மெத்தை எதையாவது குறுக்காக அடுக்குங்கள். காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். பிறகு முதலாம் கியரில் மெதுவாகக் கிளச்சை விடுங்கள். வந்த வழியே பின்னால் எடுப்பதுதான் அநேகமாகச் சுலபம். அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருக்கும்.

ஒரு வீல் மட்டும் சுற்றி மற்றது சும்மா நின்றால், ஹாண்ட்பிரேக்கை இரண்டு பல்லு இழுத்துவிட்டு மெதுவாக அக்சிலேட்டர் கொடுங்கள். சுழல்கிற வீலைப் பிரேக் பிடிக்கும்போது பலம் மற்ற வீலுக்குப் போகும். ஹாண்ட்பிரேக் பின் வீலில் பிடிக்கும், பின் வீல் இழுக்கும் வான்களுக்கு மட்டுமே இது சரிவரும். தள்ளுகிறவர்கள் வீலுக்கு நேர் பின்னால் நிற்க வேண்டாம்.

மெஷின்காரர் (டிராக்டர்காரர்) வந்து இழுத்தால் எங்க கட்டுற?

சேசிசில் உள்ள கொக்கியில் மட்டும். பம்பரில் கட்டினால் பம்பர் போகும். பின் அச்சில் கட்டினால் பிரேக் குழாய் நசியும், அது தெரியாமல் வீட்டுக்கு ஓடி வருவீர்கள். கயிறு இறுகிய பிறகு இரு பக்கமும் கயிற்றின் நீளத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளை நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். அறுந்த கயிறு ஆளைக் கொல்லும். மெஷின் வெட்டி இழுக்காமல், இறுக்கிப் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.

தாம்போதிக்கு மேலால தண்ணி போகுது. கடக்கலாமா?

தண்ணீர் நின்றால் ஒரு கணக்கு, ஓடினால் ஒரு கணக்கு. நிற்கும் தண்ணீர் வீலின் நடு அச்சு வரை என்றால், அடித்தரை உறுதி என்றால், முதலாம் கியரில் அலை எழுப்பாமல் போகலாம். எஞ்சின் காற்று இழுக்கும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று உங்கள் கராஜ்காரரிடம் முன்பே கேட்டு வையுங்கள். அதற்குள் தண்ணீர் போனால், தண்ணீர் அமுங்காது என்பதால், எஞ்சினுக்குள் பிஸ்டன் கம்பி வளைந்துவிடும். நடுவில் எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், தள்ளித்தான் எடுக்க வேண்டும். கடந்து வந்ததும் பிரேக்கை மெதுவாகப் பலமுறை மிதித்து உலர்த்துங்கள்.

ஓடும் தண்ணீர் என்றால், கடக்காதீர்கள். 30 சென்ரிமீற்றர் வெள்ளம் சின்னக் காரைத் தூக்கும், 60 சென்ரிமீற்றர் அநேகமாக எந்த வாகனத்தையும் இழுத்துக்கொண்டு போகும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கிழக்கில் பார்த்தவர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. இறங்கி நடந்து பாருங்கள் என்று மேலே சொன்னது இங்கே பொருந்தாது. மகாவலி, வெருகல் பக்கத்துத் தண்ணீரில் முதலை உண்டு. கரையில் நின்று நீண்ட தடியால் ஆழம் பாருங்கள்.

குளக்கட்டால போனால் கிட்டவாம். போகலாமா?

வேண்டாம். ஈரமான கட்டு ஓரத்தில் இடியும், திருப்ப இடமும் இருக்காது. அதைவிடப் பெரிய காரணம், கட்டு நம்முடைய பாதை அல்ல, கீழே இருக்கும் ஊர்களின் உயிர். 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கட்டின்மேல் பாரமான வாகனங்கள் ஓடியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு வானால் கட்டு உடையாதுதான். நீங்கள் போட்ட தடத்தில் நாளைக்கு மணல் டிப்பர் வரும்.

யானை நிண்டால் என்ன செய்ற? ஹோன் அடிக்கிறதா?

ஹோன் அடிக்கக் கூடாது, லைட் வெட்டக் கூடாது, இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கிட்டப் போகக் கூடாது. தூரத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓட விட்டு, பின்னால் எடுக்க இடம் இருக்கிறதா என்று முதலில் கண்ணாடியில் பாருங்கள். அது தானாகக் கடந்து போக விடுங்கள். கடந்தது ஒன்று என்றால் உடனே எடுக்க வேண்டாம், பின்னால் கூட்டம் வரும், குட்டியும் வரும். காதை விரித்து, தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். சடாரென்று திருப்ப முயன்றால் குறுக்கே மாட்டிக்கொள்வீர்கள்.

கொம்பில்லாத யானை பெட்டை, சாந்தமானது என்று சிலர் நம்புகிறார்கள். இலங்கையில் ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடக் கொம்பில்லை. தனியாக நிற்கும் அலியன்தான், அதாவது கொம்பில்லாத ஆண்தான், கூடுதலாகப் பயப்பட வேண்டியது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஈரம் வடிந்து கறுத்திருந்தால் மதம் பிடித்திருக்கிறது, அன்றைக்கு அந்தப் பாதை உங்களுக்கில்லை. வானில் நெல்மூட்டை, வாழைக்குலை, உப்பு ஏற்றியிருந்தால் மணம் பிடித்துத் தேடி வரும். ஹபரணை ரோட்டில் வாகனத்திலிருந்து பழம் எறிகிறவர்களைக் கண்டால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அந்த யானைதான் பிறகு அடுத்த வானை மறிக்கிறது.

இரவில திரும்பி வரலாமா?

நாலரைக்குத் தார் ரோட்டில் நிற்கிற மாதிரித் திட்டம் போடுங்கள். யானை கூடுதலாக நடமாடுவது அந்திக்குப் பிறகுதான், பள்ளத்தின் ஆழமும் ஹெட்லைட்டில் தெரியாது.

கனடாவில மரக் காட்டு ரோட்டில ரேடியோவில சொல்லிச் சொல்லித்தான் போவம். இங்க எப்பிடி?

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓட்டிய ஒரு தம்பி கேட்டது. அங்கே காட்டு ரோட்டில் கிலோமீற்றர் பலகை இருக்கும், இன்ன கிலோமீற்றரில் வருகிறேன் என்று ரேடியோவில் சொல்வார்கள், பாரம் ஏற்றிய லொறிக்கு எல்லாரும் ஒதுங்குவார்கள். இங்கே ரேடியோ இல்லை. ஒதுங்குவது மட்டும் ஒன்றுதான். குத்தி ஏற்றிய லொறி நினைத்த இடத்தில் நிற்காது.

தூசி எழும்புவதைப் பாருங்கள், வளைவுக்கு முன் ஜன்னலை இறக்கிக் காது கொடுங்கள், யானை இல்லாத இடமென்றால் ஒரு சின்ன ஹோன். கடந்து வந்த அகலமான இடங்களை மனதில் வைத்துக்கொண்டே போங்கள், பின்னால் எடுக்க வேண்டி வருவது நீங்கள்தான். ஓரத்துப் புல்லில் இறங்க முதல் அடியில் வாய்க்கால் இல்லை என்று ஒருவர் இறங்கிப் பார்க்கட்டும்.

கூகுள் மேப் காட்டுதே, சிக்னல் இல்லாட்டிப் பிரச்சினையா?

மேப்பில் மெல்லிய கோடாக இருப்பதில் பாதி மாட்டுத்தடம், சில நேராகக் குளத்தில் முடியும். தார் ரோட்டை விட்டு இறங்கும் இடத்தில் வீட்டுக்கு அழைத்து, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், வராவிட்டால் யாரை அனுப்புவது என்று சொல்லிவிட்டுப் போங்கள். மீற்றரில் கிலோமீற்றரைக் குறித்து, பாதை பிரியும் ஒவ்வொரு கவருக்கும் எழுதுங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. வான் பழுதானால் நடக்கத் தொடங்க வேண்டாம், வானோடு நில்லுங்கள். தேடி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

அனுமதி எடுக்கோணுமா? முந்தி எங்கட ஆக்கள் சும்மா போய் வந்தவங்கள்தானே?

ஒதுக்கிய காட்டுக்கும் வனசீவராசிகள் தேசிய ஒதுக்கத்துக்கும் அனுமதி வேண்டும். எல்லைக் கல், பலகை கண்டால் நின்று, பக்கத்து வன அலுவலகத்தில் கேளுங்கள். பழைய காணிக்கு உறுதிப் பத்திரம் இருந்தால் அதன் பிரதியைக் கொண்டு போங்கள், கிராம சேவகரிடம் முதலில் பேசுங்கள். பாதை இன்று யாருடைய எல்லைக்குள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

யுத்தம் நடந்த இடங்களில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கு மேல் ஒரு அடியும் வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும், ஓடித் தேய்ந்த தடத்தை விட்டுப் பற்றைக்குள் வானைத் திருப்பாதீர்கள்.

வெறும் வானாத்தானே வாறீங்க, ரெண்டு முதிரைக் குத்தி ஏத்திக்கொண்டு வாங்கோ எண்டு கேக்கினம்...

தெரிந்தவர் கேட்டாலும், சொந்தக்காரர் கேட்டாலும், ஏற்றாதீர்கள். மரம் கொண்டு போக அனுமதிப் பத்திரம் வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் வழக்கு உங்களுக்கு, வானும் அரசுடைமையாகலாம். லீசிங்கில் எடுத்த வான் போனாலும் தவணை போகாது. மூட்டைக்கு அடியில் யாராவது எதையாவது வைத்தார்களா என்று திரும்பும்போது நீங்களே பாருங்கள். இளம் ஓட்டுநர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கிற காலத்தில புல்லுக்கு மேல நிப்பாட்டலாமா?

வேண்டாம். சைலென்சர் சூட்டில் காய்ந்த இலுக்குப் புல் பற்றும், கச்சான் காற்று மிச்சத்தைச் செய்யும். வெறும் மண்ணில் நிறுத்துங்கள். ரேடியேட்டரின் முன்னால் புல் விதை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், எஞ்சின் சூடேற அது போதும்.

ஹையர்காரர் 'இன்னும் கொஞ்சத் தூரம்தான்' எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறார். எப்ப திருப்புற?

வானைத் திருப்பக்கூடிய கடைசி இடத்தைத் தாண்ட முதல். அடுத்து திருப்புமிடம் எங்கே என்று தெரியாவிட்டால், நீங்கள் நிற்கும் இடம்தான் அது. காட்டுப் பாதையில் ஓட்டத் தெரிவதில் முக்கால்வாசி இதுதான், மிச்சம் கிளச்சும் கியரும். டீசல் பாதிக்கு வந்தாலும், மழை இருட்டினாலும், ஒரே பள்ளத்தில் இரண்டு தரம் அடிபட்டாலும் திருப்புங்கள்.

ஹையர்காரரோடு சண்டை வராமலிருக்க வெளிக்கிட முதலே பேசி முடியுங்கள். வான் எதுவரை போகும், அங்கிருந்து எவ்வளவு நடை, எத்தனை மணி வரை காத்திருப்பேன், பாதியில் திரும்பினால் எவ்வளவு காசு. வயதானவர்கள் இருந்தால் அவர்களால் அந்த நடை ஏலுமா என்று கேளுங்கள். ஏலாது என்றால், டிராக்டர் வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவரை முதல் நாளே பேசி, பாதை தொடங்கும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். வானை அவர் வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டு நீங்களும் அவரோடு ஏறிப் போய் வரலாம்.